முழங்கை மட்டும்

ஜனவரி 11, ஞாயிறு

துபாயில் காலையில் நல்ல பனிமூட்டம். எதிர்வீட்டு ஈச்சமரம்கூடத் தெரியவில்லை. பார்க்க அப்படியே எங்கள் மலைநாட்டு ஹட்டன்தான். குளிர் மட்டும் மாஃபி, இல்லவே இல்லை.

இன்று லீவு. வேலை ஒன்றே ஒன்று: விசா புதுப்பிக்கப் போட்டோ. சத்வா வரை நடந்தே போனேன். வழியில் ஒரு பிளேன்டீ. மட்டமான தேயிலைத் தூசியில் போட்டது. குடித்தேன், வேறு வழி?

ஸ்டூடியோ காதர் பாய் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கை வேலை செய்யும்போது வாயும் சேர்ந்து வேலை செய்யும்.

"அக்கா, சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்?"

"கண்ணு சிரிக்குதுல்ல. திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் என்னையத்தான் திட்டுவீக."

கண்ணை எப்படி நிறுத்துவது? கடைசியில் நான் வேலை செய்யும் மேடம் வீட்டில் இஸ்திரிக்குக் குவிந்து கிடக்கும் துணியை நினைத்துக்கொண்டேன். க்ளிக். "சூப்பர்! இதுதான் வேணும்!" என்றார். அச்சடித்துக் கொடுத்த அத்தனையிலும் யாரையோ போலீஸில் பிடித்துக்கொடுக்கப் போகிறவள் மாதிரி நான்.

மகள் திவ்யாவுக்கு அனுப்பினேன். (தங்கச்சி வீட்டில் இருந்து படிக்கிறாள். வாய் என் வாய்தான்.) உடனே வாய்ஸ் மெசேஜ்.

"என்னாம்மா இது? எல்லா போட்டோலயும் கோவமாவே இருக்கீங்க. என் கூட்டாளிங்க கேக்குறாங்க, உங்கம்மா ரொம்ப ஏசுவாங்களான்னு."

யோசித்தால் உண்மைதான். இங்கே வந்த பிறகு எடுத்த ஒழுங்கான படம் எல்லாமே விசாவுக்கு எடுத்தது. மற்ற படங்கள் நான் எடுத்தவை. எடுக்கிறவள் எந்தக் காலத்தில் படத்தில் வந்திருக்கிறாள்?

திரும்பி வந்தால் வீட்டில் ஒரே கூத்து. மி.லெ. ஹாலில் டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். (மி.லெ. = மிஸ்டர் லென். மேடமின் அப்பா. எண்பதைத் தாண்டிவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. "மிஸ்டர் எதுக்கு, லென் போதும்" என்பார். என் வாயில் வராது.)

"ராணி! லண்டன்ல இருந்து மெயில்! என்னைப் படம் புடிக்கணுமாம்!"

கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறார். எடுத்து மூக்கில் வைத்துவிட்டேன். யார், எதற்கு என்று கேட்பதற்குள் மேடம் வந்து பிரஷர் மாத்திரை நேரம் என்றார். நாளைக்குக் கேட்க வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

மாத்திரை டப்பா நிரப்பியாச்சு. மி.லெ. காலில் வீக்கம் இல்லை. மீன் இருக்கிறது. வெங்காயம் இல்லை.

மேடம் ஆபீஸ் போனதும் மி.லெ. கதை சொல்ல ஆரம்பித்தார். மத்தியானம் வரை போனது. அவர் இங்கிலீஷில் சொன்னதை எனக்கு வருகிற தமிழில் எழுதி வைக்கிறேன்.

இருபது வயதில் மி.லெ. ஒரு பாட்டுக் கோஷ்டியில் இருந்தாராம். கோஷ்டியின் பெயர் கோல்யார்ட்ஸ். கரிக்கிடங்கு என்று அர்த்தம். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். "அதையேதான் எங்கம்மாவும் கேட்டா" என்றார். ஐந்து பையன்கள். இவர் மவுத் ஆர்கன். அது இன்னும் அவருடைய ஸ்வெட்டர் பையில்தான் இருக்கிறது. துவைக்கப் போடுமுன் நான் எத்தனை தடவை எடுத்து வைத்திருக்கிறேன்! இவ்வளவு பெரிய ஆள் என்று இன்றைக்குத்தானே தெரிகிறது.

முதல் இசைத்தட்டு: காதல் பாட்டு. ஐந்து பேருக்கும் வெளிர்நீலக் கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி டை. ஹோட்டல் வெயிட்டர்மார் மாதிரி வரிசையில் நின்று ஈ என்று சிரித்தார்களாம். ஒருத்தரும் வாங்கவில்லை.

இரண்டாம் தட்டு: மேனேஜர் யோசித்தார். சிரிக்கிற பையன்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், இனிமேல் நீங்கள் முறைக்கிற பையன்கள். கறுப்புச் சட்டை. முடி வெட்டக் கூடாது. மழையில் நனைந்த செங்கல் சுவர் முன்னால் நிற்க வேண்டும். கேமராவை உன் சைக்கிளைத் திருடிக்கொண்டு போனவன் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நாலு பேர் முறைத்தார்கள். மி.லெ. சிரித்துவிட்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் சிரிப்பு. மேனேஜர் கத்தினாராம். கத்தக் கத்த இவருக்குச் சிரிப்பு கூடியதாம்.

"ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"சந்தோஷமா இருந்துச்சு ராணி. இருபது வயசு. நான் ஊதினது ரேடியோல வருது. மூஞ்சிய வேற எப்படி வச்சுக்குறது?"

படத்தைக் காட்டினார். அந்தத் தட்டு ஜெர்மனிக்குப் போனபோது மட்டும்தான் படம் போட்ட உறையாம். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். நாலு பேர், சுவர், முறைப்பு. வலது ஓரத்தில் ஒரு கறுப்பு முழங்கை.

"அது நான்தான்" என்றார்.

அவரை வெட்டிவிட்டார்கள். முழங்கை மட்டும் தப்பிவிட்டது.

நாலு பேரையும் உற்றுப் பார்த்தேன். பின்னால் வெள்ளையாக இல்லை, அவ்வளவுதான். மற்றபடி அசல் விசா போட்டோ. சொன்னேன். மி.லெ. விழுந்து விழுந்து சிரித்து, இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

மூன்றாம் தட்டு: அதுதான் ஓடு ஓடென்று ஓடியது. ஆரம்பமே இவர் ஊதுவதுதான். ஆனால் டி.வி.யில் பாடப் போனபோது நாலு பேர் முன்னால், இவர் திரைக்குப் பின்னால் நின்று ஊத வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. அந்தத் திரையில் மஞ்சள் பூப்போட்டிருந்தது என்பதை இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறார். பிறகு நீயே வேண்டாம் என்றார்கள். ஆணி, பூட்டு விற்கிற கடை வைத்தார். கல்யாணம் கட்டினார். மேடம் பிறந்தார். கதை முடிந்தது.

முடியவில்லை. இப்போது அந்த மூன்று தட்டையும் ஒரு பெட்டியாக மறுபடி போடுகிறார்களாம். கோஷ்டியில் உயிரோடு இருப்பது மூன்று பேர். பாடகர் ரோய், ட்ரம்ஸ் அடித்த பீட்டர், மி.லெ. அவரவர் இருக்கிற ஊரில் படம் எடுத்து, ஒட்டி, ஒரே படமாக்கப் போகிறார்கள். எல்லாம் பழையபடி. கறுப்பு உடுப்பு, ஈரச் செங்கல் சுவர், சிரிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை இங்கே போட்டோ எடுக்க ஆள் வரும். மி.லெ. படம் சரியாக வராவிட்டால் பெட்டிமேல் பழைய நாலு பேர் படமே போகும்.

"இந்தத் தடவை முறைச்சுருவேன்" என்றார். சொல்லும்போதே வாய் காதுவரை.

வெங்காயம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

காற்று. பால்கனி எல்லாம் மணல். கூட்டினேன். மத்தியானம் பார்த்தால் கூட்டாத மாதிரி இருக்கிறது.

காலையிலிருந்து முறைப்புப் பயிற்சி. குளியலறைக் கண்ணாடி முன்னால் மி.லெ., வாசலில் டவலோடு நான்.

செய்து பார்த்தவை:

– சோகமானதை நினைப்பது. செத்துப்போன நாயை நினைத்தார். அது சாவதற்கு முன் பாதிரியாரின் தொப்பியைத் தின்றது ஞாபகம் வந்து சிரித்துவிட்டார்.

– எலுமிச்சம்பழம் கடிப்பது. முகம் சுருங்கியது. சுருங்கின முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். போச்சு.

– மவுத் ஆர்கனை வாயில் வைத்துக்கொள்வது. முகம் அருமையாக வந்தது! ஆனால் முகமே தெரியவில்லை.

– பல்செட்டைக் கழற்றுவது. இது நான் சொன்ன யோசனை. பல் இல்லாமல் அவர் சிரித்ததைப் பார்த்து நான் டவலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மேடம்.

"அப்பா, என்ன நடக்குது இங்க? பல்லு எங்க?"

பல் என் கையில் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் மேடம் சொன்னார், "அப்பா, ஒரு போட்டோதானே. இதுக்கு ஏன் இந்தப் பாடு?" மி.லெ. சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார். மேடம் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு ஏமாற்றம் வந்துவிடக் கூடாது என்று பயம். ஆனால் ஒரு போட்டோதானே என்று சொல்லிவிட முடியுமா? நாங்களெல்லாம் ஒரு போட்டோ சரியாக வந்ததால்தானே இங்கே நிற்கிறோம்.

படுக்கப் போகுமுன் கேட்டார், "ராணி, உன் விசா போட்டோவுல எப்படி முறைச்ச?"

இஸ்திரித் துணியைச் சொன்னேன். "எனக்கு அப்படி ஒண்ணும் இல்லியே" என்று வருத்தப்பட்டார். வருத்தம் முகத்தில் வந்த அந்த ஒரு நிமிஷம் கேமரா இல்லை.

ஜனவரி 14, புதன்

என் யோசனை. பாழாய்ப்போன யோசனை. ஆனால் காலையில் தங்கமாகத் தெரிந்தது.

காதர் பாயிடம் கூட்டிக்கொண்டு போனால் என்ன? சிரிப்பை நிறுத்துவது அவருக்கு அன்றாடத் தொழில். ஒரு பயிற்சியாகவாவது இருக்கும். மேடம் ஆபீஸ் போனதும் மி.லெ.க்குக் கறுப்பு ஸ்வெட்டர் மாட்டி, கைத்தடி கொடுத்து, டாக்ஸி பிடித்து, யல்லா, விடு சத்வாவுக்கு.

காதர் பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வெல்கம் சார். நோ ஸ்மைல், ஓகே?"

"ஓகே!" என்று மி.லெ. சிரித்தார்.

காதர் பாய் இந்தியில் அதட்டினார், இங்கிலீஷில் கெஞ்சினார், தமிழில் என்னிடம் புலம்பினார். "அக்கா, பச்சப்புள்ளயக்கூட எடுத்துருவேன் போல. பெரியவரு என்னா இப்புடி சிரிக்கிறாரு!" கடைசியில் கையை உதறினார். "விடுங்க. எடுத்தவரைக்கும் போதும். மிச்சத்த கம்ப்யூட்டர்ல பாத்துக்குவோம்."

டீ குடித்துவிட்டு வந்தோம். படம் தயார்.

வாய் மூடியிருந்தது. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. தலைமுடி மை மாதிரி கறுப்பு. வெள்ளைக்காரரையே இன்னும் வெள்ளையாக்கியிருந்தார். பின்னால் பளிச்சென்று வெள்ளை. கறுப்பு ஸ்வெட்டரைக் காணோம். கருநீலக் கோட்டு, சிவப்பு டை.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் அத்தனை ஆண்களும் அதே கோட்டுதான். டிரைவர், வெல்டர், சமையல்காரர், எல்லோரும். சத்வாவில் முக்கால்வாசிப் பேர் போட்டுக் கழற்றின கோட்டு.

"கோட்டு எதுக்கு பாய்?"

"எல்லாருக்கும் போடுறோம், அவருக்கு மட்டும் போடாட்டி நல்லாவா இருக்கும்? காசு வேணாம்க்கா, கோட்டு ஃப்ரீ."

மி.லெ. படத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ராணி, நான் முறைக்கிறேன்!" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி கண்ணெல்லாம் தண்ணீர். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் புத்தி மழுங்கிவிட்டது. இது பயிற்சிக்குத்தானே என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

டாக்ஸியில் வரும்போதே டேப்லெட்டில் லண்டனுக்கு அனுப்பிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

மேடம் அனுமதியோடு மின்சார அடுப்பில் சின்னச் சட்டி வைத்துப் பொங்கல். வெயில் ஜன்னல் வழியாகச் சட்டிமேல் விழுகிற மாதிரி நகர்த்தி வைத்தேன். பால் பொங்கிற்று. அடுப்பு பீப் பீப் என்று கத்தி அணைந்தது. நான் மெதுவாக "பொங்கலோ பொங்கல்" என்றால், பின்னாலிருந்து மி.லெ. பெரிய குரலில் "பொங்கலோ!" பிறகு மவுத் ஆர்கனில் ஒரு ஊது. முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றார்.

திவ்யாவுக்கு வீடியோ கால். புதுச்சட்டை போட்டிருந்தாள். மி.லெ. கையாட்டினார். "தாத்தா சூப்பரா சிரிக்கிறாரும்மா, நீங்களும் கொஞ்சம் படிச்சுக்கங்க" என்றாள். வாயைப் பாருங்கள்!

மத்தியானம்தான் இடி. இன்று வீட்டிலிருந்தே வேலை செய்த மேடம், அப்பாவின் மெயிலும் வருகிற தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தார். லண்டனிலிருந்து பதில். "தவறுதலாக ஒரு வங்கி மேனேஜரின் படம் எங்களுக்கு வந்திருக்கிறது. லென் அவர்களின் படத்தை எதிர்பார்க்கிறோம்."

மேடம் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ராணி, இது யாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு இலவசம் என்பதையும் ஏன் சொன்னேனோ தெரியவில்லை.

மேடம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அவரைப் பாத்து உலகம் சிரிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தின சத்தம் எனக்குத்தான்.

மி.லெ. பால்கனியில். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "என்னாலதான். மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"சே, சே. உன்னால இல்ல." பால்கனிக் கம்பியில் படிந்த மணலை விரலால் துடைத்தார். பிறகு சொன்னார், "போன தடவை முழங்கையாவது என்னுது. இதுல அதுவும் என்னுது இல்ல, ராணி."

அழுகை வந்துவிட்டது எனக்கு. பொங்கல் நாளில் அழக் கூடாது என்று சமையலறைக்குப் போய்ச் சட்டி தேய்த்தேன். அடிப்பிடித்திருந்தது. நல்லதாகப் போயிற்று, தேய்க்க நிறைய இருந்தது.

ஜனவரி 16, வெள்ளி

வெயில், மேகம் இல்லை. மழைச் சுவருக்குப் பொருத்தமே இல்லாத நாள்.

போட்டோக்காரர் வந்தார். பிலிப்பீன்ஸ்காரப் பெண், பெயர் ஜாய். பெரிய பை, சின்ன ஆள். முதல் கேள்வி: செங்கல் சுவர் எங்கே? துபாயில் செங்கலுக்கு எங்கே போவது? எல்லாம் பூசி, வெள்ளை அடித்து, பளபளவென்று இருக்கிறது. கடைசியில் காம்பவுண்டுக்குப் பின்னால், இறைச்சி சுடுகிற அடுப்பு மேடைக்குப் பின்புறம் ஒரு துண்டு செங்கல் சுவர். மி.லெ. நிற்க அளவாக இருந்தது.

மழைக்கு நான். தோட்டக் குழாயைப் பிடித்துச் சுவரை நனைத்தேன். கொஞ்சம் ஜாயும் நனைந்தார்.

மேடமும் வந்து நின்றார். காலையில் என்னிடம் சரியாகப் பேசவில்லை. டீ கேட்டார், கொடுத்தேன், "தேங்க்ஸ்" என்றார். அவ்வளவுதான்.

மி.லெ. கறுப்பு ஸ்வெட்டர், கறுப்புப் பேண்ட். பல் போட்டிருந்தார். நிமிர்ந்து நின்றார். ஜாய் கேமராவைத் தூக்கினார். சிரிப்பு. மறுபடி. சிரிப்பு. "சாரி, சாரி" என்று சிரிப்பு.

"ராணி, அங்க நின்னு முறைச்சுக் காட்டு" என்றார் மி.லெ. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று என் விசா முகத்தைக் காட்டினேன். இஸ்திரித் துணி, இஸ்திரித் துணி என்று மனதுக்குள் ஜபம். என்னைப் பார்த்ததும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். காலணியெல்லாம் நனைந்துவிட்டது.

ஜாய் பொறுமையானவர். ஆனால் அடுத்த டியூட்டி ஷார்ஜாவில். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

"அப்பா, போதும். விட்டுருங்க. பழைய படமே போகட்டும். பரவால்ல."

மி.லெ. முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. எங்கேயோ தூரத்தில் பார்த்தார். வாய் தானாக மூடிக்கொண்டது.

க்ளிக்.

"காட் இட்" என்றார் ஜாய் மெதுவாக.

எல்லோரும் கேமராவைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம். அசல் முறைப்பு. அந்த நாலு பேரும் தோற்றார்கள். ஈரச் சுவர், கறுப்பு உடுப்பு, கோபமான கிழவர் ஒருவர். லண்டன் கேட்டது அப்படியே இருந்தது.

எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மேடமுக்கும் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவின் தோளில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"இத மட்டும் அனுப்பு" என்றார் மி.லெ. ஜாயிடம். குரலில் சந்தோஷம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன். என் பெட்டியில் வைத்திருக்கும் ஊர்த்தூள், தூசி இல்லை. அவர் இன்னும் சுவர் ஓரமாகவே நின்றார். கோப்பையை நீட்டி, "முடிஞ்சிருச்சு. கலாஸ். இனிமே சிரிச்சா யாரும் ஏச மாட்டாங்க" என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு வந்ததே ஒரு சிரிப்பு! பல்செட் வெளியே வந்துவிடும்போல. எனக்கும் தாங்கவில்லை. கோப்பை ஆடி டீ என் கையெல்லாம் கொட்டியது. மேடமும் சிரித்தார். பையைக் கட்டிக்கொண்டிருந்த ஜாய் கேமராவை எடுத்து ஒன்று தட்டினார், சும்மா, பழக்கதோஷத்தில்.

ஜாய் போன பிறகு மேடம் சமையலறைக்கு வந்தார். "ராணி, நேத்து..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, "அந்தப் பொங்கல் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். சூடாக்கிக் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார். முந்திரி இல்லை, அப்பா தின்றுவிட்டார் என்றேன்.

ஜனவரி 17, சனி

துவைப்பு. மி.லெ.யின் கறுப்பு ஸ்வெட்டர் தனியாக. பையில் மவுத் ஆர்கன் இருக்கிறதா பார்த்தேன். இருந்தது. துடைத்து மேசைமேல் வைத்தேன். இன்று முழுக்க அவர் அதை எடுக்கவில்லை.

லண்டனிலிருந்து ஒன்றும் இல்லை. சனிக்கிழமை, எங்கே இருக்கும்? அது தெரிந்தும் டேப்லெட்டைத் திறந்து திறந்து பார்க்கிறார்.

விசா போட்டோ ஓகே ஆகிவிட்டதாம். மேடம் சொன்னார். கண் சிரிக்கவில்லை என்று அர்த்தம்.

ஜனவரி 18, ஞாயிறு

லீவு. ஆனாலும் போகவில்லை. ரோய் அவசரப்படுத்தினாராம், லண்டனிலும் லீவு பார்க்காமல் மத்தியானம் வீடியோ கால் வரும் என்றார்கள், இருந்துவிட்டேன். வெளியே நல்ல காற்று, எதிர்வீட்டு ஈச்சமரம் பேயாட்டம்.

டேப்லெட்டைப் பழக்கூடையில் சாய்த்து வைத்தோம். ஒரு பக்கம் லண்டன் கம்பெனிப் பெண். இன்னொரு பக்கம் ரோய், பழைய பாடகர். முடி தோள் வரை, இப்போது வெள்ளை. இன்னும் முறைக்கிறார். மி.லெ. தலைவாரி, சட்டைப் பட்டன் எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் மேடமும் பின்னால்.

ரோய் நேராக விஷயத்துக்கு வந்தார். "லென், இந்தப் படத்துல இருக்கற ஆளு யாரு?"

மி.லெ. முகம் வெளுத்துவிட்டது. மறுபடியும் வங்கி மேனேஜரா?

"நான்தான் ரோய். முறைச்சுருக்கேன் பாரு."

"எனக்கு இந்த ஆளத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச லென் எங்க படத்தையெல்லாம் கெடுத்தவன். இன்னொண்ணு வந்துச்சே, அதுல இருக்கான்."

ஜாய் இரண்டையும் அனுப்பியிருக்கிறார்! மவராசி.

"சிரிக்கற படத்தப் போடுங்க" என்றார் ரோய் அந்தப் பெண்ணிடம். "நானும் பீட்டரும் முறைக்கறோம். எங்களுக்கு அதுதான் வரும். அவன் சிரிக்கட்டும்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "இத அன்னிக்கே சொல்லியிருக்கணும், லென்" என்றார்.

மி.லெ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒன்றும் இல்லை, காலையில்தான் நான் துடைத்து வைத்தேன். மேடம் அழுதுகொண்டே சிரித்தார்.

லண்டன் பெண்ணுக்கும் சம்மதம். ஒரே ஒரு சின்ன விஷயம் என்றார். படத்தின் வலது ஓரத்தில் ஒரு கை இருக்கிறது, டீக்கோப்பையோடு. அதை மட்டும் வெட்டிவிடலாம், ஒரு நிமிஷ வேலை.

என் கை. கொட்டின டீ, மேடம் கொடுத்த பழைய வளையல், எல்லாம் தெரிகிறதாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வெட்டிருங்க, வெட்டிருங்க" என்று பின்னாலிருந்து நானே சொன்னேன்.

"வெட்டக் கூடாது" என்றார் மி.லெ.

இவ்வளவு கறாராக அவர் பேசி நான் கேட்டதில்லை. சிரிக்கவில்லை. முறைத்தார். உண்மையாகவே முறைத்தார், யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

"இந்தப் படத்துல இருந்து யாரையும் வெட்டறதில்ல. அது ராணியோட கை. கீழ பேர் போடுவீங்கல்ல? அவ பேரையும் போடுங்க. அப்புறம் அந்தப் பழைய ஜெர்மன் படத்துலயும் என் பேரு வரணும்."

லண்டன் பெண் எழுதிக்கொண்டார். பேர் எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கடைசியில் சரிபார்க்க வாசித்துக் காட்டினார். பழைய படத்துக்குக் கீழே நாலு பேர் பெயர், பிறகு: லென் (முழங்கை மட்டும்). புதுப் படத்துக்குக் கீழே: ரோய், பீட்டர், லென், செல்வராணி (கை மட்டும்).

மி.லெ. மவுத் ஆர்கனை எடுத்து அந்த மூன்றாம் தட்டின் ஆரம்பத்தை ஊதினார். மூச்சு பாதியில் நின்றுவிட்டது. மீதியை ரோய் அங்கிருந்து வாயாலேயே ஊதினார்.

படத்தைத் திவ்யாவுக்கு அனுப்பினேன். ஓரத்தில் இருக்கிற கை அம்மாவுடையது என்று எழுதினேன். வாய்ஸ் மெசேஜ் உடனே வரவில்லை. சோறு வடித்து முடித்த பிறகுதான் வந்தது.

"அம்மா, இந்த போட்டோல நீங்க கோவமா இல்ல."